அளக்காமல் வெட்டிய குழாய்

எஞ்சினுக்குள் எவ்வளவு காற்று போகிறதோ அவ்வளவு பவர். அதனால் காற்று போகும் வழியைப் பெரிதாக்கு, குட்டையாக்கு, உள்ளே பளபளவென்று தேய்த்து விடு, வண்டி பறக்கும். திருப்பூர் ஊத்துக்குளி ரோட்டில் மண்ணரைப் பக்கம் கார் பிரியர்கள் கூடும் ஒர்க்‌ஷாப்பில் கால் மணி நேரம் நின்றால் இந்தப் பாடம் இலவசமாகக் கிடைக்கும். “கம்பெனிக்காரன் போட்ட மேனிஃபோல்டு பிளாஸ்டிக்குங்ணா, மைலேஜுக்குன்னு செஞ்சது. அலுமினியத்துல பெருசா ஒண்ணு வெல்டு பண்ணிப் போட்டுப் பாருங்க, அப்பறம் தெரியும்.”

முதல் வாக்கியம் உண்மை. அதிலிருந்து இவர்கள் எடுக்கும் முடிவுதான் பொய். இந்தப் பொய்க்குப் படித்தவர், படிக்காதவர் என்ற வேறுபாடு இல்லை. மெக்கானிக் சொல்வதைத்தான் பொறியியல் கல்லூரி மாணவரும் சொல்கிறார், கொஞ்சம் ஆங்கிலம் கலந்து. இதோடு ஒட்டிப் பிறந்த இன்னொரு நம்பிக்கையும் உண்டு. இன்டேக் டிசைன் என்பது ஜப்பான்காரன், ஜெர்மன்காரன் வேலை, பனியன் ஊரில் இருப்பவன் அதை வாங்கி மாட்டலாமே தவிர செய்ய முடியாது என்பது. ஒன்று ஆணவம், மற்றது தாழ்வு மனப்பான்மை என்று தோன்றும். இரண்டுக்கும் வேர் ஒன்றுதான்: அளந்து பார்க்கும் பழக்கம் இல்லாதது.

காற்றைச் சிலிண்டர்களுக்குக் கொண்டுபோகும் கம்பெனி மேனிஃபோல்டை முதலில் பார்ப்போம், அதைத்தான் எல்லோரும் திட்டுகிறார்கள். அது வெறும் பிளாஸ்டிக் அல்ல, பெரும்பாலும் கண்ணாடி இழை கலந்த நைலான். உள்சுவர் வார்ப்பு அலுமினியத்தைவிட வழவழப்பாக வரும். எஞ்சின் சூட்டை உள்ளே போகும் காற்றுக்குக் கடத்துவதும் குறைவு. சூடான காற்று மெலிந்த காற்று. நம்மூர் வெயிலில் சிக்னலில் நிற்கும் வண்டிக்கு நைலான் செய்யும் உபகாரத்தை அலுமினியம் செய்யாது. அதைக் கழற்றிவிட்டு வெல்டு செய்த அலுமினியப் பெட்டியை மாட்டுகிறவர், எதை விட்டு எதை வாங்கினார் என்று ஒரு தரமாவது கேட்டிருப்பாரா?

ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். கம்பெனிக்காரர் எல்லோருக்கும் பொதுவாகச் செய்கிறார். ஐட்லிங் நிற்க வேண்டும், ஏசி போட்டால் இழுக்க வேண்டும், புகைச் சோதனையில் தேற வேண்டும், விலை கட்டுப்பட வேண்டும். இதில் சிலவற்றை விட்டுக்கொடுக்கத் தயாராக இருக்கும் ரேஸ் வண்டிக்கு அதைவிட நல்ல மேனிஃபோல்டு செய்ய முடியும், சந்தேகமே இல்லை. ஆனால் அதற்கு வழி ‘பெரிசு’ அல்ல.

உள்ளே நடப்பது என்ன? வால்வு திறக்கிறது, பிஸ்டன் கீழே இறங்குகிறது, குழாயில் அழுத்தம் சட்டென்று விழுகிறது. அந்த வீழ்ச்சி ஓர் அலையாகக் குழாய் வழியே மேலேறி, திறந்த வாய் வரை போய், அங்கிருந்து அழுத்த அலையாகத் திரும்பி வருகிறது. வால்வு மூடுவதற்குச் சற்று முன்னால் அது வந்து சேர்ந்தால், பிஸ்டன் இழுத்ததற்கு மேலும் கொஞ்சம் காற்றைச் சிலிண்டருக்குள் திணித்து விடும். வால்வு மூடிய பிறகு வந்தால் வீண். இந்த நேரக் கணக்கை முடிவு செய்வது குழாயின் நீளம்.

கணக்கு பெரிய வித்தையும் இல்லை. சூடான குழாய்க்குள் ஒலி வினாடிக்குச் சுமார் 350 மீட்டர் போகும். எஞ்சின் 6000 ஆர்பிஎம்மில் ஓடும்போது கிராங்க் 90 டிகிரி சுற்ற 2.5 மில்லி வினாடி ஆகும். அந்த நேரத்துக்குள் அலை போய்த் திரும்ப வேண்டும் என்று வைத்துக்கொண்டால், போக வர 87.5 சென்டிமீட்டர், ஒரு வழிக்கு 44 சென்டிமீட்டர். சிலிண்டர் ஹெட்டுக்குள் இருக்கும் போர்ட்டையும் சேர்த்து, வால்விலிருந்து குழாய் வாய் வரையிலான நீளம் இது. முதல் கணக்குதான், கேம் ஷாஃப்ட்டைப் பொறுத்து முன்னே பின்னே மாறும். இதே கணக்கில் குழாயைப் பாதியாக வெட்டினால் அது ஒத்து வரும் வேகம் 12,000 ஆர்பிஎம். ஆறாயிரத்துச் சொச்சத்தில் எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினியான ஈசியு கட்-ஆஃப் செய்துவிடும் காரில் இந்தக் குட்டைக் குழாயை மாட்டுகிறார்கள். அந்த எஞ்சின் தன் ஆயுளில் பார்க்கப் போகாத வேகத்துக்கு மேனிஃபோல்டு தயார்! (இரண்டாவது, மூன்றாவது முறை எதிரொலித்து வரும் பலவீனமான அலைகள் கொஞ்சம் கைகொடுக்கும் என்பதால் முழு நஷ்டம் ஆவதில்லை. வண்டி ஓடத்தான் செய்யும். ஓடுவதாலேயே யாரும் சந்தேகப்படுவதில்லை.)

நீளம்தான் பவர் என்பது நேற்றைய கண்டுபிடிப்பும் அல்ல. 1960-இல் அமெரிக்காவின் கிரைஸ்லர் தன் 300எஃப் காரில் 30 அங்குல நீளக் குழாய்களை எஞ்சினுக்குக் குறுக்காக, ஒரு பக்கத்து சிலிண்டருக்கு எதிர்ப்பக்கத்துக் கார்புரேட்டரிலிருந்து கொண்டுவந்தது. வெறும் 2800 ஆர்பிஎம்மிலேயே டார்க் உச்சிக்குப் போனது. அதே காருக்கு வேகப் போட்டிக்கென்று இன்னொரு மேனிஃபோல்டும் கொடுத்தார்கள். வெளித்தோற்றம் அச்சு அசல் அதேதான். உள்ளே நடுச்சுவரைப் பாதிவரை எடுத்துவிட்டு, வேலை செய்யும் நீளத்தை 15 அங்குலமாக்கியிருந்தார்கள். சாதாரண மேனிஃபோல்டில் 375 குதிரைத் திறன், குட்டை மேனிஃபோல்டில் 400. ஆனால் அந்தக் கூடுதல் மேல் வேகத்தில்தான் கிடைத்தது. 1991-இல் லெ மான்ஸ் 24 மணி நேரப் பந்தயத்தை வென்ற மாஸ்டா 787பி, ஓடும்போதே குழாய் நீளத்தை மாற்றிக்கொள்ளும் அமைப்போடு வந்தது. பெரிய குழாய் போதும் என்றால் அவர்கள் ஏன் இத்தனை பாடுபட வேண்டும்?

விட்டமும் அப்படித்தான். குழாய் அகலமானால் காற்றின் வேகம் குறையும். ஓடிவரும் காற்றுக்கு ஒரு உந்தம் உண்டு. பிஸ்டன் கீழ்முனையைத் தொட்டுத் திரும்பிய பிறகும், வால்வு மூடும்வரை, அந்த உந்தத்தில் காற்று உள்ளே வந்துகொண்டே இருக்கும். அகலக் குழாயில் சோம்பி வரும் காற்றுக்கு அந்தத் திராணி இல்லை. ஊருக்குள் மூன்றாயிரம் ஆர்பிஎம்முக்குக் கீழே ஓட்டும்போது வண்டி செத்துப்போய் இழுப்பதும், ஆறாயிரத்தில் கத்துவதும் இதனால்தான். கத்துவதைக் கேட்டு “பவர் ஏறிருச்சு” என்கிறார்கள். ஏறியது சத்தம்.

‘பெரிசு’ கட்சிக்கு மறுக்க முடியாத பதில் நம் பக்கத்திலேயே, கோவை செட்டிபாளையம் கரி மோட்டார் ஸ்பீட்வேயில் இருக்கிறது. நாடு முழுவதிலிருந்தும் கல்லூரி மாணவர்கள் தாங்களே வடிவமைத்த ஒற்றை இருக்கைக் கார்களோடு வந்து போட்டியிடும் ஃபார்முலா பாரத் அங்கே பல ஆண்டுகள் நடந்திருக்கிறது. விதி கறாரானது. பெட்ரோல் எஞ்சினுக்குள் போகும் காற்று முழுவதும் 20 மில்லிமீட்டர் விட்டமுள்ள ஒரே வட்டத் துளை வழியாகத்தான் போக வேண்டும். ரெஸ்ட்ரிக்டர் என்பார்கள். பல அணிகள் பயன்படுத்துவது கேடிஎம் 390 பைக்கின் 373 சிசி எஞ்சின். பைக்கில் அதன் த்ராட்டில் வாய் 46 மில்லிமீட்டர். அதாவது விதி அனுமதிக்கும் பரப்பு பைக்கில் இருப்பதில் ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை.

ஒர்க்‌ஷாப் ஞானப்படி இந்த எஞ்சின் மூச்சுத் திணறிச் சாக வேண்டும். கணக்கு வேறு சொல்கிறது. 20 மில்லிமீட்டர் துளையில் காற்று ஒலியின் வேகத்தைத் தொட்டுவிட்டால் அதற்கு மேல் எவ்வளவு இழுத்தாலும் கூடாது. அந்த உச்சவரம்பு வினாடிக்குச் சுமார் 74 கிராம் காற்று. 373 சிசி எஞ்சின் 9000 ஆர்பிஎம்மில் சிலிண்டர் முழுக்க நிரம்பினாலும் அதற்குத் தேவை சராசரியாக 34 கிராம். பாதிக்கும் குறைவு! அப்படியானால் சிக்கல் எங்கே? ஒற்றைச் சிலிண்டர் எஞ்சின் நான்கு ஸ்ட்ரோக்கில் ஒன்றில் மட்டும்தான் காற்றை இழுக்கிறது. 34 கிராம் என்பது சராசரி. இழுக்கும் அந்த நொடித்துணுக்கில் அதைப் போல மூன்று நான்கு மடங்கு கேட்கிறது. துளை அப்போது அடைத்துக்கொள்கிறது, மற்ற மூன்று ஸ்ட்ரோக்கில் சும்மா இருக்கிறது.

இதற்கு மருந்து துளைக்கும் வால்வுக்கும் நடுவே ஒரு காற்று அறை, ப்ளீனம். எஞ்சின் அந்த அறையிலிருந்து விழுங்கும், அறை துளை வழியாக நிதானமாக நிரம்பும். அறை சிறிதானால் துளை மறுபடி அடைக்கும். பெரிதானால் த்ராட்டிலை மிதித்த பிறகு அறை நிரம்பும்வரை எஞ்சின் யோசிக்கும், வளைவிலிருந்து வெளியே வரும் டிரைவர் திட்டுவார். துளையைத் தாண்டியதும் குழாய் விரிய வேண்டும், அதுவும் மெதுவாக. மொத்தக் கோணம் 7 டிகிரி பக்கத்தில் இருந்தால் காற்று சுவரைப் பிடித்தபடி வேகத்தைத் திரும்ப அழுத்தமாக மாற்றும். அவசரப்பட்டு விரித்தால் சுவரை விட்டுப் பிரிந்து சுழலும், அழுத்தம் வீணாகும். பவர் இருப்பது துளையின் அளவில் அல்ல, துளைக்கு முன்னும் பின்னும் இருக்கும் உருவத்தில் என்பதை அந்த மாணவர்கள் தங்கள் கைக்காசில் கற்றுக்கொண்டு போகிறார்கள்.

நம்மால் முடியாது என்போருக்கும் பதில் இதே செட்டிபாளையம் டிராக்கின் பெயரிலேயே இருக்கிறது. கோவையின் எஸ். கரிவர்தன் மாருதி 800-இன் 796 சிசி எஞ்சினை வைத்து ஒற்றை இருக்கை ரேஸ் கார் கட்டினார். ஃபார்முலா மாருதி பந்தயம் அப்படித்தான் பிறந்தது. 2005-இல் இந்தியாவிலிருந்து முதன்முதலாக ஃபார்முலா ஒன்னுக்குப் போன நரேன் கார்த்திகேயன் தொடங்கியது அந்த ஃபார்முலா மாருதியில். கரிவர்தன் 1995-இல் விமான விபத்தில் இறந்தார். அவரிடம் வளர்ந்தவர்களின் பட்டறைகள் சாகவில்லை. 2018-இல் டாடா டியாகோ ஜேடிபி கார் வந்தபோது அதன் இன்டேக்கும் எக்சாஸ்ட்டும் மாற்றி டியூன் செய்யப்பட்டிருந்தன, 1.2 லிட்டர் டர்போ எஞ்சினிலிருந்து 114 பிஎஸ் வந்தது. ஜேடிபியில் முதல் எழுத்து ஜெயம், கோவை ஜெயம் ஆட்டோமோட்டிவ்ஸ். ஒரு கார் கம்பெனி தன் பெயரோடு கொங்கு நாட்டுப் பட்டறையின் பெயரைச் சேர்த்துப் போட்டு விற்ற கார் அது. அதிக நாள் ஓடவில்லை, பிஎஸ்-6 வந்ததோடு நின்றுபோனது. சந்தை போதாமல் நின்றதை வைத்துத் திறமை இல்லை என்று சொல்ல முடியாது.

“நாங்க மாட்டிப் பார்த்தோம், பவர் கூடுச்சு, டைனோ ஷீட்டே இருக்கு” என்று அடுத்த ஆயுதத்தை எடுப்பார்கள். எடுக்கட்டும். டைனோ என்பது பவரை அளக்கும் மெஷின். திருப்பூர் கடல் மட்டத்திலிருந்து சுமார் 300 மீட்டர் உயரம். மே மாத மதியம் 40 டிகிரி வெயிலில் ஒரு கன மீட்டர் காற்றின் எடை சுமார் 1.09 கிலோ. மார்கழி விடியலில் 22 டிகிரியில் அதே காற்று 1.155 கிலோ. ஒரு போல்ட்டையும் தொடாமல் 6 சதவீதம் அதிகக் காற்று! பழைய மேனிஃபோல்டை மதியம் ஓட்டி, இரவு முழுக்க வேலை பார்த்து, புதியதை விடியலில் ஓட்டினால் ஷீட்டில் ஏறி நிற்கும் எண்ணில் எவ்வளவு வெல்டிங்குக்குச் சேரும், எவ்வளவு குளிருக்குச் சேரும்? வெப்பம், அழுத்தம், ஈரப்பதத்தைக் குறித்துத் திருத்தம் போடாத ஷீட் வெறும் காகிதம். திருத்தம் போட்டாலும் ஒரே ஓட்டம் போதாது. பழையதை ஓட்டு, புதியதை ஓட்டு, மறுபடி பழையதை மாட்டி ஓட்டு. மூன்றாவது ஓட்டம் முதல் ஓட்டத்தோடு ஒத்துப்போனால்தான் இரண்டாவதை நம்பலாம். இந்த மூன்றாவது ஓட்டத்தைச் செய்கிற ஒர்க்‌ஷாப்பை நான் தேடிக்கொண்டிருக்கிறேன். இன்னொன்று, ஷீட்டில் உச்சி எண்ணை மட்டும் வட்டமிட்டுக் காட்டுவார்கள். வட்டத்துக்கு இடப்பக்கம், இரண்டாயிரம் முதல் நாலாயிரம் வரை, கோடு எவ்வளவு கீழே இறங்கியிருக்கிறது என்று பாருங்கள்.

படித்தவர் தரப்பில் வரும் வாதம் வேறு: எல்லாம் கம்ப்யூட்டரில் பார்த்தாயிற்று, காற்றோட்டப் படம் நீலமும் சிவப்புமாக வந்துவிட்டது, இனி எதற்குச் சோதனை? படம் நல்லது, வேண்டாத வடிவங்களைக் கழிக்க உதவும். ஆனால் பெரும்பாலும் அந்தப் படம் காற்று ஒரே சீராக ஓடுவதாக வைத்துக்கொண்டு போடப்பட்டது. எஞ்சினில் காற்று சீராக ஓடுவதே இல்லை, நொடிக்குப் பல தடவை நின்று நின்று ஓடுகிறது. மேலும், கம்ப்யூட்டரில் வரைந்த குழாய் ஒழுகாது. சாதாரண 3டி பிரிண்டரில் அடுக்கடுக்காக வந்த குழாய் ஒழுகும். பிஎல்ஏ பிளாஸ்டிக்கில் அடித்த ரன்னர் (சிலிண்டருக்குப் போகும் குழாய்) 60 டிகிரியிலேயே இளகும், பானட்டுக்குள் அதைவிடச் சூடு உண்டு. த்ராட்டிலுக்குப் பின்னால் ஊசிமுனை ஓட்டை இருந்தால் ஐட்லிங் ஏறி இறங்கி ஆடும். சோதிக்க டாலர் தேவையில்லை. எல்லா வாயையும் அடைத்து, லேசாக ஏர் கொடுத்து, சோப்புத் தண்ணீர் தடவினால் குமிழி காட்டிக்கொடுக்கும். வண்டியில் மாட்டிய பிறகு, ஐட்லிங்கில் த்ராட்டில் வாயைப் பலகையால் மூடினால் எஞ்சின் நின்றுவிட வேண்டும். நிற்காவிட்டால் வேறெங்கோ காற்று குடிக்கிறது. பலகையால் என்று சொன்னேன், கையால் அல்ல.

ஈசியு விஷயத்தில்தான் ‘மாட்டி விடு’ கோஷ்டி உண்மையிலேயே ஆபத்தானது. நம் சிறிய கார்கள் பலவற்றில் உள்ளே போகும் காற்றை நேரடியாக அளக்கும் சென்சார் இல்லை. மேனிஃபோல்டின் அழுத்தத்தையும் வெப்பத்தையும் பார்த்து, இந்த எஞ்சின் இந்த வேகத்தில் இவ்வளவு நிரம்பும் என்று ஏற்கெனவே எழுதிவைத்த அட்டவணையிலிருந்து ஈசியு பெட்ரோலைக் கணக்கிடுகிறது. நீங்கள் குழாயை மாற்றினால் அட்டவணை பொய்யாகிவிடுகிறது. ஆக்சிஜன் சென்சார் நிதான ஓட்டத்தில் திருத்திக்கொள்ளும். முழு த்ராட்டிலில் பல வண்டிகளில் அந்தத் திருத்தம் வேலை செய்யாது. நிஜமாகவே காற்று கூடியிருந்தால் பெட்ரோல் குறைந்து, கலவை மெலிந்து, நாக்கிங் வந்து, பிஸ்டனில் முடியும். போதாததற்கு இப்போது பங்கில் கிடைப்பது 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல். சுத்த பெட்ரோலுக்கு ஒரு பங்குக்கு 14.7 பங்கு காற்று என்றால், இதற்கு 13.5 பக்கம். அதாவது அதே காற்றுக்கு இன்னும் அதிக பெட்ரோல் வேண்டும். கலவையை அளக்கும் வைட்பேண்ட் லாம்ப்டா மீட்டரை மாட்டிப் பார்க்காமலும், ஈசியு அட்டவணையைத் திருத்தும் ரீமேப் செய்யாமலும் இன்டேக் மாற்றுகிறவர், வேலை நன்றாக வந்திருந்தால்தான் எஞ்சினைக் கெடுப்பார் என்பது இதிலுள்ள வேடிக்கை.

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு கம்பெனி அமைப்பை மாற்றுவதைத் தடுக்கிறது, 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. இந்த வேலை ரேஸ் டிராக்குக்கு. ஊத்துக்குளி ரோட்டுக்கு அல்ல.

இத்தனைக்கும் வேண்டிய கருவிகளில் முக்கால்வாசி இந்த ஊரிலேயே கிடக்கிறது. ஒரு ஃப்ளோ பெஞ்ச் என்பது என்ன? வலுவான ப்ளோயர், ஒரு பெட்டி, துல்லியமாகத் துளைத்த ஒரு தகடு, சாயத் தண்ணீர் ஊற்றிய யு வடிவக் கண்ணாடிக் குழாய். உலகம் முழுக்க வழக்கில் உள்ள சோதனை அழுத்தம் 28 அங்குலத் தண்ணீர் உயரம். அலைகளை அது காட்டாது. ஆனால் நான்கு ரன்னரில் எது மற்றதைவிடக் குறைவாகக் காற்று விடுகிறது என்பதைப் பத்து நிமிடத்தில் காட்டும். பனியன் மெஷினுக்கு ஸ்பேர் கடையும் லேத்தில் ஒரு பெல்மவுத் கடைவது பெரிய காரியமா? சப்பையாக வெட்டிய குழாய் வாயில், உள்ளே ஓடும் காற்றின் வேக அழுத்தத்தில் பாதி நுழையும்போதே நஷ்டம். விட்டத்தில் ஆறில் ஒரு பங்கு அளவுக்கு வாயை உருட்டி விட்டால் அந்த நஷ்டம் பத்தில் ஒரு பங்குக்கும் கீழே சுருங்கிவிடும். பெரிய குழாய்க்குச் செலவழிக்கும் காசில் சொற்பம் போதும். ஆனால் உருட்டிய வாய் ப்ளீனத்துக்குள் ஒளிந்திருக்கும், பானட்டைத் திறந்தால் யாருக்கும் தெரியாது. அதனால்தான் யாரும் கேட்பதில்லை.

அளப்பது இந்த ஊருக்குப் புதிதா? பையர் 180 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 180 கிராம்) சிங்கிள் ஜெர்சித் துணி கேட்டால், காம்பேக்டிங் முடிந்து வந்த ரோலில் ரவுண்டு கட்டரை வைத்துத் திருகி, 100 சதுர சென்டிமீட்டர் வட்டம் வெட்டி, தராசில் போட்டு 1.80 கிராம் வருகிறதா என்று பார்க்காமல் துணி கட்டிங் டேபிளுக்குப் போகாது. ஒரு இடத்தில் வெட்டினால் நம்ப மாட்டார்கள், ஓரத்திலும் நடுவிலும் வெட்டுவார்கள். துவைத்து ஷ்ரிங்கேஜ் பார்ப்பார்கள். ரிப்போர்ட் இல்லாமல் பையர் காசு கொடுக்க மாட்டார் என்பது மண்ணரையில் செக்கிங் டேபிளில் நிற்கும் அக்காவுக்குத் தெரியும். அதே பனியன் கம்பெனி முதலாளியின் மகன் லட்ச ரூபாய் கொடுத்து இன்டேக் போடும்போது மட்டும் எக்சாஸ்ட் சத்தத்தைக் கேட்டுத் தலையாட்டிவிட்டு வருகிறார்.

எனவே காசு கொடுக்கிறவர்களுக்குத்தான் சொல்கிறேன். அடுத்த முறை மேனிஃபோல்டு மாற்றப் போனால் மூன்று ஓட்டத்தின் டைனோ ஷீட்டைக் கேளுங்கள், அன்றைய வெப்பமும் அழுத்தமும் எழுதியதாக. குழாய் நீளம் எந்த ஆர்பிஎம்முக்கு என்று கேளுங்கள். முழு த்ராட்டிலில் லாம்ப்டா எவ்வளவு என்று கேளுங்கள். இந்த மூன்றுக்கும் பதில் தராத ஒர்க்‌ஷாப்பில் சாவியைக் கொடுக்காதீர்கள்.